நெடுந்தீவு வள்ளத்தின் புகைக்குழாய்

இன்று காலை மரியதாஸ் அண்ணை நெடுந்தீவுக்கு ஓடும் தன் வள்ளத்தின் புகைக்குழாயைக் கழற்றி வந்து என் கடை மேசையில் வைத்தார். டீசல் கரியும் உப்பும் சேர்ந்த மணம். உடனே உமது நினைவுதான் வந்தது.

கரம்பொன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தோம். நான் ஊர்காவற்றுறையில் என்ஜின் சாமான் விற்கப் போனேன். நீர் உலோக ஆராய்ச்சிக்குப் போனீர். இரும்பும் அலுமினியமும் சேர்த்து உருக்கிய ஒரு துண்டை முதன்முதல் கொண்டுவந்து, "இது வெறும் கலவை இல்லை. ரெண்டின்ர அணுவும் ஒழுங்கா அடுக்குப் பிடிச்சு நிக்கிற சேர்வை. சூடும் உப்பும் லேசில தின்னாது" என்றீர்.

எந்தச் சாமானையும் சீமெந்து நிலத்தில் போட்டுப் பார்ப்பவன் நான். போட்டேன். பீங்கான் கோப்பை மாதிரி இரண்டாய்ப் போனது.

"இதை வித்தா சனம் என்னைக் கடலுக்க தூக்கிப் போடும்."

"போட்டது நல்லதாப் போச்சு. ஏன் உடைஞ்சதெண்டு பாக்க வேணும்" என்று குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கினீர்.

அடுத்தமுறை உருக்குக் குழாயோடு வந்தீர். வளைக்க வேண்டியதை முதலில் வளைத்து, பிறகு உருகிய அலுமினியத்தில் தோய்த்திருந்தீர். அதே சேர்வை மெல்லிய தோலாக உருக்கின் மேல் வளர்ந்திருந்தது. "பாரத்தை உருக்கு தாங்கட்டும், உப்பை இது தாங்கட்டும். இஞ்ச நிண்டு பிடிச்சா நாளைக்குக் கொதிகலன், சூளை எண்டு எங்கயும் போகலாம்."

அதைத் தன் வள்ளத்தில் பூட்ட மரியதாஸ் அண்ணை லேசில் மடங்கவில்லை. "நடுக்கடலில வெடிச்சா ஆர் பொறுப்பு?"

"நான்" என்றேன்.

"நீர் வந்து தள்ளுவீரோ? உமக்கு நீந்தவே ஏலாது!"

நீர் சிரித்த சிரிப்பு கடைக்கு வெளியேயும் கேட்டது. கடைசியில் அண்ணை குழாயைப் பூட்டினார். சோளகக் காற்று மட்டும் போதாது, வாடைக்காற்றையும் தாங்க வேண்டும் என்றீர். வாடை தொடங்க முன்னமே நோய் உம்மைக் கொண்டுபோய்விட்டது.

வாடையும் முடிந்து, இன்று அந்தக் குழாயைக் குறுக்கே அரிந்து பார்த்தோம். முந்தியெல்லாம் ஒரு வாடையோடு ஓட்டை விழுந்துவிடும். இதிலோ தோல் விடாமல் பிடித்திருக்கிறது; உள்ளே உருக்கு புதுசு மாதிரி. வென்றுவிட்டீர்!

"அட, தின்னவேயில்லை!" என்று தடவித் தடவிப் பார்த்த அண்ணை, "அரிஞ்சுபோட்டீர், இனி எனக்கு ஆர் குழாய் தாறது?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார்.

மத்தியானத்துக்குள் வேறு இரண்டு வள்ளக்காரரும் வந்து அதே மாதிரிக் குழாய் கேட்டுவிட்டார்கள். பொறுப்பு ஆர் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. இறக்கி வைக்கிற எண்ணம் எனக்கில்லை.