மல்பெரிக் கறையோடு ஒரு முடிவெட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

வீட்டுக்கார அம்மா நேற்றுக் காலை கொல்லைப்புற மல்பெரி மரத்தைக் காட்டி, "குருவி தின்னது போதும், நீ பறிச்சுக்கோ" என்றார். வாளி நிறையப் பறித்துவிட்டு அப்படியே சலூனுக்கு ஓடினேன். கத்தரியை எடுத்ததும், நாற்காலியில் இருந்தவர் என் சிவந்த விரல்களைப் பார்த்து, "எனக்கு முன்னாடி வந்தவரு உயிரோட இருக்காரா?" என்று போர்த்திய துணியோடு எழுந்துவிட்டார்! சோப்புக்கும் கறை அசையவில்லை. சட்டைப் பையிலிருந்த பழத்தைத் தின்னக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஜாம் கிண்டினேன். சட்டியின் அடியில் ஒட்டியதைப் பழக்கதோஷத்தில் தங்கச்சிக்கென்று விட்டு வைத்தேன். அப்புறம் நானே வழித்துத் தின்றேன்.

ஒரு ஆளுக்கு மட்டும் கிண்ட எவ்வளவு சர்க்கரை என்று எழுதுங்கள். கடை திறக்க நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்