சலங்கை எங்கடா?

இன்று காலை உன் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினேன். மேசைமேல் கறுப்பாய்க் கொஞ்சம் தேயிலைத் தூசி கொட்டியது. மோந்து பார்த்தேன். ஃபேக்டரி விட்டு வந்து நீ என் பக்கத்தில் உட்காரும்போது சட்டையில் அடிக்குமே, அதே வாடை. நீ போய் இத்தனை வருஷமாகியும் அது இந்தத் தகரப் பெட்டிக்குள் குடியிருக்கிறது.

பெட்டியை அலமாரியிலிருந்து இறக்க வைத்தது நேற்றுக் கேட்ட ஒரு பேச்சு. பிரிஞ்சாங் டவுனில் மாமாக் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ மோட்டர் சைக்கிளில் பாட்டை அலறவிட்டுப் போனார்கள். நம் எஸ்டேட்டில் கணக்கெழுதிய பழைய கிராணி அங்கேதான் இருந்தார். ஆபீசை விட்டாலும் வாயை விடவில்லை. எதிரே இருந்தவரிடம், எனக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார்:

“இப்படித்தான் லா எங்க எஸ்டேட்டுல ஒருத்தன். பாட்டு கேட்டுக்கிட்டே போயி லோரியில அடிபட்டுச் செத்தான்.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் மோட்டரில் முதலில் மாட்டியது இரண்டு தகர ஸ்பீக்கர்கள். பாட்டு பால் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் பாட்டுக்குள் கொசு ரீங்காரம் ஒன்று கூடவே ஏறும். என் காதில் விழும் முன்பே உனக்குத்தான் அது கேட்டது. சேஸியில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் எர்த் வயரை முடுக்கினாய். கொசு செத்தது. திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் கிழிந்து கிடந்த கூடாரப் பிளாஸ்டிக்கை வெட்டி வந்து ஸ்பீக்கருக்கு மழைக்கோட்டு தைத்தாய். உன் மனைவிக்குக்கூட நீ அப்படி ஒன்று தைத்துக் கொடுத்ததில்லை என்று கேலி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கோயில் திடலில் மோட்டரை நிறுத்தி ட்யூன் செய்வோம். நமக்கு அளவுகோல் ஒன்றுதான், நம் திருவிழாவில் பிடித்த உருமி மேளப் பதிவு. உருமி வயிற்றில் இறங்க வேண்டும். அதற்கு மேலே, ஆடுகிறவர் காலில் கட்டிய சலங்கை தனியாகத் தெரிய வேண்டும். அதுவரை செட்டு செட்டே இல்லை என்பது உன் சட்டம். உருமி சீக்கிரமே வந்துவிட்டது. சலங்கைதான் வரவில்லை, உனக்கு.

“சலங்கை எங்கடா?” என்பாய். கேட்கிறதே என்பேன். “சும்மா சொல்லாத லா” என்று ட்ரெபிளை ஏற்றுவாய். ஸ்பீக்கர் மட்டம் என்றாய், மாற்றினோம். ஆம்ப்ளிஃபயருக்குச் சக்தி போதாது என்றாய். இதோ இந்தப் பெட்டி வந்தது. அப்புறம் ட்வீட்டர் தனியாக வாங்கி ஹேண்டிலில் மாட்டினோம். ஒவ்வொன்றும் வந்த வாரம் ‘ஆங், இப்ப கேக்குது’ என்பாய். சில மாதங்களில் சலங்கை மறுபடி காணாமல் போகும். லைன் வீடுகளில் ஒருவர் பாக்கியில்லாமல் காது கிழிகிறது என்று திட்டினார்கள். நமக்குள்ளும் சண்டை முற்றி, வால்யூம் திருகியைச் சுற்றி இரண்டு புள்ளி வைத்தோம். என் அளவுக்கு என் மனைவியின் சிவப்பு நகச்சாயம். அதற்கு வெகுதூரம் தள்ளி உன் அளவுக்கு வெள்ளைப் பெயிண்ட்.

பழைய ரீங்காரம் ஒருநாள் திரும்பி வந்தது. நான் சொன்னேன். எனக்குக் காதில் பேய் பிடித்திருக்கிறது என்று சிரித்தாய். தகரக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றபோது, தூறல் மேலே சடசடத்துக்கொண்டிருக்க, “மழ நின்னுருச்சா?” என்று கேட்டாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தே என்னிடம் மறைத்தாயா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

படிப்பை விட்ட நாளிலிருந்து நீ ரோலர் அறையில் நின்றவன். இலையை நசுக்கும் அந்த இயந்திரங்களின் பக்கத்தில் பேச வேண்டுமென்றால் வாயைக் காதோடு ஒட்டிக் கத்த வேண்டும். ஃபேக்டரியைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குச் சத்தம் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று எஸ்டேட் துரை கண்ணாடிச் சுவர் எழுப்பினார். அவர்கள் அந்தப் பக்கம் நின்று உன்னைப் படம் பிடித்தார்கள். இந்தப் பக்கம் நின்ற உனக்குக் காதில் வைக்கப் பஞ்சு. அதையும் நீயே கொண்டுபோனாய்.

அந்த வாரம் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தாய். மத்தியானம் மோட்டரில் கம்போங் ராஜா டவுனுக்கு ஒரு வேலையாகப் போனாய். வளைவில் காய்கறி ஏற்றிய சின்ன லோரி. அதன் ஹாரன் விசில் மாதிரி கீச்சென்று இருக்கும். விடாமல் அடித்தாராம் டிரைவர். அத்தனை தடவை அடித்தும் திரும்பியே பார்க்கவில்லை என்று உன் வீட்டு வாசலில் அழுதார். உடனே கிராணி, “பாட்டு போட்டுட்டுப் போனா எப்படி லா கேக்கும்?” என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். துரை முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, நான் பார்த்தேன்.

பாட்டுப் பெட்டி என் வீட்டு மேசையில் கிடக்கிறது, மோட்டரில் வெறும் ஸ்பீக்கர் கூடுதான் இருந்தது என்று சொன்னேன். கிராணியிடம் சொன்னேன், துரையிடம் சொன்னேன், கோயிலில் கண்டவரிடமெல்லாம் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. அங்கே செவிடு நீ இல்லை.

கருமாதி முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு உன் மனைவியிடம் போனேன். அவளாவது நம்ப வேண்டும் என்று இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். “அதக் கொண்டு போயிருங்கண்ணே. அதுதான் அவரக் கொன்னுச்சு” என்று கதவைச் சாத்தினாள். ஸ்பீக்கர்களை ஏற்கெனவே பள்ளத்தில் வீசியிருந்தாள். உன்னை வழியனுப்பிய வலியைவிட அந்தக் கதவு எனக்கு அதிகம் வலித்தது.

ரோலர் அறையில் உன் இடத்தில் என்னைத்தான் போட்டார்கள். நானும் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

இன்று தூசியைத் துடைத்து, ஃபியூஸ் மாற்றி, ஒரு பேட்டரியில் கொடுத்து, வீட்டிலிருந்த ஸ்பீக்கரில் அந்த உருமிப் பதிவைப் போட்டேன். திருகியைச் சிவப்புப் புள்ளியில் வைத்தேன். உருமி வயிற்றில் இறங்கியது. சலங்கை இல்லை. வயரை அசைத்தேன். ஸ்பீக்கரில் காதை வைத்தேன். இல்லை. அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுச் சலங்கை கேட்கிறதா என்றேன்.

“நல்லாத்தான கேக்குது. ஏன்?”

திருகியை உன் வெள்ளைப் புள்ளிக்குக் கொண்டுபோனேன். மெல்ல, தூரத்தில் யாரோ ஆடி வருவதுபோல், சலங்கை வந்தது. காது கிழிகிறது, குறையுங்கள் என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள். நான் குறைக்கவில்லை.