சித்தி நீட்டின காலி அட்டை

என் கண்ணுக்கு அம்மா எழுதறது. இங்க எல்லாரும் நலம்னு எழுத ஆரம்பிச்சு நிறுத்திட்டேன், சித்தி நலமா இல்லை. நீ எப்படி இருக்கேன்னு கேட்கவே எனக்கு இப்ப பயமா இருக்கு. போன்ல பேசலாம்னா இந்தப் பக்கம் உங்கப்பா காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார், அந்தப் பக்கம் உன் ரூம் பொண்ணுங்க. அதான் நீ கேட்ட பார்சல்லயே இதை வைக்கறேன், தனியா இருக்கும்போது படி.

ஸ்வெட்டர், பருத்தி உள்ளாடை, தலைக்கு எண்ணெய் எல்லாம் இருக்கு. சித்தி போடற அந்த மாத்திரை ரெண்டு அட்டை கேட்டியே, அது மட்டும் இல்லை, தேடாதே. சித்தி தையல் கம்பெனியில பொழுதுக்கும் மெஷின்லயே உட்கார்ந்திருக்கறவ. அவளுக்குக் கீழ அரிப்பு, எரிச்சல், திரிஞ்ச பால் மாதிரி வெள்ளை. மருந்துக்கடையில ஆம்பளைங்க நிக்கறாங்க, வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதுக்கு மகராசி ஒரு வழி கண்டுபிடிச்சா, தீர்ந்துபோன காலி அட்டையைப் பையில வெச்சிருந்து பேசாம நீட்டுவா, கடைக்காரரும் ஒண்ணும் கேட்காம அதே மாதிரி புதுசு கொடுத்துடுவார். கம்பெனியில பாதிப் பேருக்கு அந்த அட்டைதான் கைமாறிச்சு, ஒருத்தியும் டாக்டர்கிட்ட போகலை. போட்டா நிக்கும், கொஞ்ச நாள்ல மறுபடி வரும், மறுபடி அட்டை. நடுவுல ஆளு இளைச்சா, குமரியாட்டம் ஆயிட்டேடின்னு நாங்களே கண்ணு வெச்சோம். எந்நேரமும் தண்ணி பாட்டிலும் கையுமா இருந்தா, வெயில்னு நினைச்சோம். போன வாரம் மெஷின் மேலயே தலை சாய்ஞ்சுட்டா. ரொம்ப நாளா சர்க்கரை ஏறிக் கிடக்கு, யாருமே பார்க்கலையான்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டாங்க. கால் பெருவிரல் கறுத்திருக்கு. அதை வெட்டாம முடியுமான்னு இன்னும் தெரியலைங்கறாங்க.

நான் அந்த டாக்டரம்மாகிட்ட உனக்குன்னே நோண்டி நோண்டிக் கேட்டேன். இது ஒருவகைப் பூஞ்சையாம், எல்லாப் பொண்ணுங்க உடம்புலயும் கொஞ்சம் இருக்குமாம். அழுக்காலயோ கெட்ட நடத்தையாலயோ வர்றதில்லை, அதனால வெட்கத்தை மூட்டை கட்டி வை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் பெருகும், சர்க்கரை ஏறினாலும் பெருகும். எப்பவோ ஒருதரம் வந்தா உள்ள வைக்கற மாத்திரை, க்ரீம்லயே போயிடும், அரிப்பு நின்னுச்சேன்னு பாதியில நிறுத்தக்கூடாது. திரும்பத் திரும்ப வந்தா மருந்தை மாத்தி மாத்திப் போடறதுல புண்ணியமில்லை, ஏன் வருதுன்னு பார்க்கணும். மீன் வாடை அடிச்சாலோ பச்சையா, மஞ்சளாப் பட்டாலோ அது வேற வியாதி, இந்த மருந்துக்குக் கேட்காது. நாள் தள்ளிப்போயிருந்தா டாக்டர்கிட்ட முதல்ல அதைச் சொல்லு, வாயில போடற மாத்திரை அப்ப ஆகாதாம். வாசனை சோப்பு போட்டு உள்ளவரைக்கும் கழுவறேன்னியே, அறிவுகெட்டவளே, இன்னைக்கே விடு, வெளிய மட்டும் வெறும் தண்ணி போதும்.

நேத்து ஆஸ்பத்திரியில உன் புது போட்டோவைக் காட்டினேன். அப்பாவும் அத்தையும் மெலிஞ்சு எவ்வளவு அழகாயிட்டான்னு பூரிச்சுப் போனாங்க. சித்தி போனைக் கையில வாங்கிப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தா. பின்னாடி மேசையில மூணு பாட்டில் இருக்கேக்கா, அவ தண்ணி நிறையக் குடிக்கறாளான்னு கேட்டா. உங்க ரெண்டு பேர் உடம்புலயும் ஓடறது ஒரே ரத்தம்தானேடி.

நீ நூறு வயசு நல்லபடியா இருக்கணும் தாயி, அம்மா அப்பா ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. இது கைக்குக் கிடைச்சதும் பார்சலை மூடி வெச்சுட்டு டாக்டர்கிட்ட போ, எங்க அரிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லு, அங்க பஞ்சால தொட்டு எடுத்துப் பார்க்கட்டும், ரத்தத்துல சர்க்கரையையும் பார்க்கச் சொல்லு. நீ காலி அட்டை ஏதாவது வெச்சிருந்தா கிழிச்சுப் போட்டுடு. சித்தியோடதை நேத்து அவளே கிழிச்சா.

போனை மடியில வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும்,
அம்மா