பச்சை வாளியும் காடி வெள்ளமும்

ஜூன் 6, சனி. காலையிலிருந்து சாரல்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன். கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். யாரும் வாசிக்கப் போவதில்லை. (ஆனாலும் கையெழுத்து நன்றாக இருக்கட்டும்.)

முதல் உண்மை: எங்கள் தெரு நாறுகிறது.

இரண்டாவது: அதற்கு எல்லோரும் ஷீபா சித்தியைத் திட்டுகிறார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பேரூராட்சியில் பரப்புரையாளர், தற்காலிக வேலை. சமையல் மிச்சத்தைப் பச்சை வாளியில் தனியாகப் போடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அதைத் தூய்மைப் பணியாளர் லில்லி அக்கா பேட்டரி வண்டியில் எடுத்துப் போய்க் குளத்துக்கரை உரக்கூடத்தில் கொட்டுவார். அங்கே உரமாகும். முன்பெல்லாம் எல்லாக் குப்பையையும் சேர்த்து அதே கரையில் கொட்டி எரிப்பார்கள். மே மாத வெயில் முழுக்க சித்தி நடந்தார். இப்போது எங்கள் தெருவில் பச்சை வாளி இல்லாத வீடே இல்லை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் உரக்கூடம் தெருமுனையில். நாற்றம் நேராக வீட்டுக்குள். இன்று கவுன்சிலர் வந்தார். உள்ளே வரவில்லை, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே நின்றார்.

"அடுத்த சனிக்கிழம செயல் அலுவலர் வாறாரு. இதே நாத்தம் இருந்தா கூடத்தப் பூட்டிருவோம். பழையபடி கரையிலயே கொட்டிக்கிடலாம். உனக்கும் இங்க வேல இருக்காது, கேட்டியா?"

சித்தி "சரி சார்" என்று மட்டும் சொன்னார். ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூன் 7, ஞாயிறு. கொஞ்சம் வெயில்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போது பின்னால் கேட்டவை:

"இனி சென்ட் அடிச்சிட்டுத்தான் வாசல்ல இருக்கணும்."

"எம்.எஸ்ஸி. படிச்ச பிள்ளைக்க வேலையாக்கும் அது."

பக்கத்து வீட்டுத் தங்கம் மாமி எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டார்: "ஏட்டி ஷீபா, உனக்க உரம் இன்னைக்கு என்ன மணம்? மல்லியா, பிச்சியா?"

"சக்கப்பழ மணம் மாமி. நேத்து வீட்டுக்கு வீடு சக்க வெட்டினாங்கல்லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், மாமியும்தான். எனக்கோ அழுகை முட்டியது. சித்திக்கு மட்டும் எப்படி முடிகிறது?

மத்தியானம் மீன் கறி. கணக்கு வீட்டுப்பாடம் மிச்சம்.

ஜூன் 8, திங்கள். மேகமூட்டம். மழை இல்லை.

பள்ளிக்குப் போகும் முன் சித்தியோடு ஒரு சுற்று. கவனித்தவை:

சித்தி மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளிப்பதில்லை. "ஓ, இன்னைக்கு அவியலா?" என்பார். உடனே அந்த வீட்டு அம்மாவின் முகம் மலரும். குப்பை என்ற சொல்லே வாயில் வராது.

ஒரு வீட்டு வாளியில் பால் கவர் கிடந்தது. இரண்டு விரலால் எடுத்து, அந்த வீட்டில் பிளாஸ்டிக்குக்கு வைத்திருந்த நீல வாளியிலேயே போட்டார். ஒரு சொல் சொல்லவில்லை. நானாயிருந்தால் ஒரு சொற்பொழிவே நடத்தியிருப்பேன்.

வாளிகளில் இருந்தவை: மரச்சீனிக் கிழங்குத் தோல், பலாச் சக்கை மடல், முருங்கைக் கம்பு, எங்கு பார்த்தாலும் சாளைத் தலை (கடியப்பட்டணத்து மீன்காரம்மா நேற்று வந்துபோனார்), ஒரு எவர்சில்வர் கரண்டி. கரண்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு டம்ளர் காப்பி கிடைத்தது.

வளைவில் வண்டி திரும்பும்போது பீப்பாய் தளும்பி, லில்லி அக்காவின் சேலை முழுக்க ஊற்றியது. ரோட்டில் நீளமாக ஒரு ஈரக்கோடு, அதன்மேல் ஈ.

"ஷீபா, நான் வேஸ்ட்டு எடுக்கேனா, சாம்பார் எடுக்கேனா? ஒண்ணு சொல்லு."

உரக்கூடத்துத் தொட்டியும் அப்படித்தான், சேறு. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எல்லா வாளிக்கும் மூடி உண்டு, மழையும் பெய்யவில்லை. கணக்கு வகுப்பு முழுக்க யோசித்தேன். தெரியவில்லை. கணக்கும் தெரியவில்லை.

ஜூன் 9, செவ்வாய். காற்று.

தெரிந்துவிட்டது!

சாயங்காலம் தங்கம் மாமிக்குச் சக்கை கொடுக்க நானும் சித்தியும் போனோம். மாமி சோறு வடித்துக்கொண்டிருந்தார். வடித்த கஞ்சி வெள்ளம் முழுவதும் பச்சை வாளிக்குள். பின்னாலேயே அரிசி கழுவியது, கறிச்சட்டி அலசியது. மேலே காய்த்தோலைப் போட்டுக் கையால் ஒரு கலக்கு.

"மாமி, வடிச்ச வெள்ளமும் இதிலயா?" சித்தி கேட்டார்.

"பின்ன? காடி வாளியில காடி ஊத்தாம?"

மாமி மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தெருவில் இப்போது மாடே கிடையாது. ஆனால் மாடு இருந்த காலத்தில் ஒவ்வொரு அடுக்களையிலும் ஒரு காடி வாளி இருந்தது. தோல், கஞ்சி, கழுவிய வெள்ளம் எல்லாம் அதில்தான், மாட்டுக்குக் குடிக்க.

"சமையல் மிச்சத்த ஒரு வாளியில வைக்கச் சொன்னது நீதானே மக்கா? தெருவுல எல்லாரும் அதத்தான் செய்யுகோம்."

எல்லாரும்!

சித்தி அடுக்களைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்ட்டி, பேய் பிடிச்சிருக்கா?"

வரும் வழியில் சொன்னார்: "என்னென்ன போடணும்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொன்னேன். வெள்ளம் ஊத்தப்பிடாதுன்னு ஒரு இடத்துலயும் சொல்லல பாத்தியா."

யாரையும் குறை சொல்லவில்லை.

ஜூன் 10, புதன். சாரல்.

வாயால் சொன்னால் மட்டும் போதாது என்கிறார் சித்தி. "இன்னைக்குக் கேப்பாங்க. நாளைக்குக் கை தானா ஊத்தும்." அதனால் வாளியின் அடியில் ஓட்டை. கீழே ஒரு பழைய சட்டி. வடியும் வெள்ளம் வாழை மூட்டுக்கு.

இரும்புக் கம்பியை எங்கள் அடுப்பில் பழுக்கக் காய்ச்சினோம். அம்மா: "எனக்க பர்னர் போச்சு!" நான் வாளியைப் பிடித்தேன், சித்தி குத்தினார். சுர்ரென்று சத்தம், கருகிய வாடை. ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு வாங்கினோம்.

"புது வாளியாக்கும் பிள்ள!"

"படிச்சதுக்கு ஓட்ட போடவா சொல்லித் தந்தாவ?"

ஆனாலும் கடைசியில் வாளியைக் கொடுத்தார்கள். சித்தி கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது.

தங்கம் மாமி மட்டும் கொடுக்கவில்லை. "கஞ்சி வெள்ளத்த மண்ணுல ஊத்தப்பிடாது. அன்னமாக்கும் அது."

"வாழை குடிக்கட்டும் மாமி. அதுக்கும் வயிறு உண்டுல்லா."

"எனக்க வாளியத் தொட்டா கைய ஒடிப்பேன்."

சித்தி வாதாடவில்லை. "சரி மாமி" என்று வந்துவிட்டார்.

அப்புறம் இருட்டும்வரை லில்லி அக்காவும் சித்தியும் தொட்டியைக் கிளறினார்கள். சேற்றில் காய்ந்த சருகும் தேங்காய்த் தும்புத்தூளும் போட்டுப் புரட்டிப் புரட்டி. சித்தியின் உள்ளங்கையில் கொப்புளம்.

ஜூன் 11, வியாழன்.

இன்று வண்டி ஒழுகவில்லை. லில்லி அக்காவின் சேலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கவுன்சிலர் போன். எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். "பேரூராட்சி முத்திர போட்ட வாளியில ஓட்ட போட உனக்கு யாரு அதிகாரம் தந்தா? சனிக்கிழம வாளிக்கும் சேத்துப் பதில் சொல்லணும்!"

அம்மா: "சவத்த விடு ஷீபா. வேற வேல பாக்கலாம்."

"வேல போனாப் போட்டும் அக்கா. திரும்பக் கரையில கொட்டி எரிப்பாங்கல்லா. அந்தப் புகைய யாரு குடிக்க?"

நாற்றம்: தெருவில் அங்கங்கே கண்ணை மூடி நின்று முகர்ந்தேன். குறைந்திருக்கிறது. போகவில்லை.

ஜூன் 12, வெள்ளி.

கணக்குத் தேர்வு. மோசம். வேறொன்றும் எழுத மனமில்லை.

ஜூன் 13, சனி. நல்ல வெயில்.

செயல் அலுவலர் வந்தார். கவுன்சிலரும். தெருவே திரண்டு நின்றது.

உரக்கூடத்துக்குள் போனதும் அவர் மூக்கைப் பொத்தவில்லை. முதல் நல்ல அடையாளம். குவியலுக்குள் கையை விட்டு, உடனே எடுத்தார். "சூடா இருக்கே!" சூடு இருந்தால் மக்குகிறது என்று அர்த்தம். மூலையில் பழைய சேற்றுத் தொட்டி இன்னும் கொஞ்சம் நாறத்தான் செய்தது. அதையும் சித்தியே காட்டினார்.

கவுன்சிலர் ஒரு வாளியைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார். "பாருங்க சார், எல்லா வாளியும் இப்படி."

"யார் போட்டது?"

"நான்தான் சார். எல்லாத்திலயும் நான்தான்." வாளியைப் பிடித்த நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஓட்டை இல்லைன்னா என்ன ஆகும்?"

அதைக் காட்ட எங்களிடம் வாளியே இல்லையே என்று நான் நினைக்கும்போது, தங்கம் மாமி இரண்டு கையாலும் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அலுவலரின் முன்னால் டொக்கென்று வைத்து மூடியைத் திறந்தார்.

அலுவலர் பின்னால் போனார். கவுன்சிலர் அவருக்கும் பின்னால்.

"இதுதான் சார் ஆகும்," என்றார் மாமி. "உங்களுக்குக் காட்டணும்னுதான் ஒண்ண மட்டும் மாத்தாம வச்சிருந்தோம்."

வச்சிருந்தோமாம்! லில்லி அக்கா சேலையை வாயில் வைத்துச் சிரித்தார்.

அலுவலர் சிரிக்கவில்லை. மாமியின் வாளியையும் ஓட்டை வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "மூடுங்கம்மா" என்றார். பிறகு கவுன்சிலரிடம்: "கூடத்தைப் பூட்ட வேண்டாம். அடுத்த வார்டுக்கு வாளி கொடுக்கும்போது இந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க. ஓட்டை போட்டே கொடுக்கலாம்."

கைதட்டல் ஒன்றும் இல்லை. எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சித்தி அப்படியே நின்றார்.

மாமிதான் உசுப்பினார். "என்னத்துக்குட்டி நிக்க? அடுப்புல கம்பி போட்டுட்டாக்கும் வந்தேன். பழுத்திருக்கும், வா. ஓட்ட சின்னதா இருக்கணும், சொல்லிட்டேன்."

சித்தி போய்க் குத்தினார். வடிந்த வெள்ளத்தை மாமியே கொண்டுபோய் வாழை மூட்டில் ஊற்றினார், ஒரு துளி சிந்தாமல், குனிந்து, மெதுவாக. சித்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் அழுதார்.

இன்னும் எழுத நிறைய உண்டு. மாமி கொடுத்த சக்கை வறுவல், கவுன்சிலர் போகும்போது அவர் முகம் இருந்த இருப்பு, அப்புறம் சித்தி என்னிடம்... அம்மா லைட்டை அணைத்துவிட்டார்.