சிவப்புக் கோடு ஒழிந்த வாரம்

ஜூலை 2, சனி

காலையிலேயே வெயில் கொளுத்துது. ஆபீஸ் ஏசியிலும் எனக்கு மட்டும் வேர்வை.

இன்னிக்கு என் தமிழ்ப் பிழைதிருத்தியின் முதல் சோதனை. பார்க்க வந்தவர் லிங்கம் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், சோனாப்பூரில் டைப்பிங் கடை, அங்கேயுள்ள தொழிலாளர் கேம்ப்களுக்குத் தமிழ் நோட்டீஸ் அடிப்பவர். கிடைத்திருக்கும் ஒரே வாடிக்கையாளர். அவர் கொண்டுவந்த மெஸ் நோட்டீஸைத் திறந்தேன். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு!

"என்ன பிள்ளை, எல்லாம் சிவப்பாக் கிடக்கு" என்றார். பாவம், சிரிக்காமல்தான் சொன்னார்.

முதலாளி ராஷித் பாய்க்குத் தமிழ் தெரியாது, கலர் தெரியும். வியாழன் வரைக்கும் டைம். அதுக்குள்ள சரியாகலேன்னா தமிழ் வேலை கலாஸ், முடிஞ்சது. என் விசாவும் இந்த மாசம் முடியுது. புதுப்பிப்பாரா? கேட்க வாய் வரல.

வாங்க: வெங்காயம், தயிர், தலைவலி மாத்திரை.

ஜூலை 3, ஞாயிறு

தப்பு எங்கேன்னு தெரிஞ்சது. பத்திரிகைத் தமிழை மட்டும் ஊட்டி வளர்த்திருக்கேன். அது சொல்லின் வாலை, அதாவது விகுதியை வெட்டும், மிச்சத்தைப் பட்டியலில் தேடும், இல்லைன்னா சிவப்பு. பட்டியலில் கேம்ப் இல்ல, டூட்டி இல்ல, விசா கொடுக்கிற கஃபீலும் இல்ல. வளைகுடாவில் உட்கார்ந்துக்கிட்டு மதுரைக்கு மெஷின் செஞ்சிருக்கேன். புத்திசாலி!

எல்லாத்தையும் பட்டியலில் சேர்க்கலாமே என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை சேர்த்தேன். முடியவே முடியாது.

ஜூலை 4, திங்கள்

செ. (என் வீட்டுக்காரர் செல்வம், சைட் சூப்பர்வைசர்) போனில் ஆட்களை விரட்டிக்கிட்டிருந்தார். நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தேன்.

"யல்லா, சீக்கிரம், பஸ்ஸிலிருந்து இறங்குங்க. ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டேன். டூட்டிக்கு லேட்டாகுது."

கத்தியைக் கீழே வெச்சேன். பஸ், ஃபோர்மேன், டூட்டி. தலை எல்லாம் வெளிநாடு. வால் எல்லாம் நம்ம ஊர்!

தலையை ஏன் தேடணும்? வால் சுத்தத் தமிழா இருந்தா, தலை ஏதோ ஒரு பெயர்னு நம்பிட்டு வாக்கியத்துக்குப் போயிடலாமே. யார் செய்றாங்க, என்ன செய்றாங்க, ரெண்டும் பொருந்துதான்னு பார்க்கிறதுதானே அதோட நிஜ வேலை. பொருந்தலேன்னா பச்சைக் கோடு.

செ. கேட்டார், சாம்பார் எங்கேன்னு. தயிர் இருக்குன்னேன்.

ஜூலை 5, செவ்வாய்

இடிச்சது. எழுத்துப் பிழையும் அதே வாசல் வழியா உள்ளே வந்துடுது. கண்டதுக்கெல்லாம் கதவு திறந்தா வீடு என்னாகும்?

புது விதி: தெரியாத தலை, ஒரே பக்கத்தில் வேற வேற வாலோட வந்தா மட்டும் நம்பு. கேம்ப்புக்கு, கேம்ப்பில், கேம்ப்பிலிருந்து. ஒரே தலை, பல வால். உள்ளே வா. ஒத்தையா வந்தா வாசலிலேயே நில், மஞ்சள் கோடு.

ஓடுது. ஆனா நம்பிக்கை வரல.

அம்மா போன் பண்ணினா. எடுக்கல.

ஜூலை 7, வியாழன்

நேத்து எழுதல. நகம் கடிச்சதுதான் வேலை.

லிங்கம் அண்ணன் வந்தார். பழைய நோட்டீஸ் இல்ல, காலையில் அடிச்ச புதுசு. ராஷித் பாய் என் நாற்காலிக்குப் பின்னாடி. திறந்தேன்.

சிவப்பு மாஃபி! ஒரு கோடுகூட இல்ல. ரெண்டு மஞ்சள். அப்புறம் நடுவில் ஒரே ஒரு பச்சை: "சமையல்காரர்கள் வெள்ளிக்கிழமை லீவில் போகிறார்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுப் போட்டுப் பார்த்தார். காலையில் ஒரு சமையல்காரர் லீவாம், கடைசி நேரத்தில் ரெண்டு பேர்னு மாத்தினாராம், 'போகிறார்' மட்டும் வால் மாறாம நின்னுட்டுது. அதைத்தான் என் செல்லம் பிடிச்சிருக்கு.

"என்ரை பிழையையே பிடிச்சுப் போட்டுது. எனக்கு இது வேணும்" என்றார். கடைக்கு வேணுமாம், தம்பியோட ஷார்ஜா கடைக்கும் வேணுமாம்.

ஜெயிச்சிட்டேன். எழுதிப் பார்க்கவே நல்லாயிருக்கு. ஜெயிச்சிட்டேன்.

ராஷித் பாய் திரையையே பார்த்தார். அவருக்குத் தெரிஞ்சது சிவப்பு போனது மட்டும்தான். அச்சா, என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, விசாவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொடுங்கன்னார்.

ஸ்டூடியோக்காரன் நாளைக்குச் சாயங்காலம்தான் திறப்பான். நீலச் சேலை. இஸ்திரி போடணும்.