அஞ்சல்தலைக்குள் வராதவர்கள்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலியும் அம்மாவின் சளியும் குறைந்தனவா?

உறையில் ஒட்டியிருக்கும் அஞ்சல்தலையைப் பார்த்தாயா? இந்த நாட்டுப் பாராளுமன்றக் கட்டடம் அது. போன வருஷம் அதன் தூண்களுக்குச் சாயம் அடித்தது நானும் என்னோடு வேலை செய்த முருகவேலும்தான். நேற்று தேக்கா கடைத்தெருவில் இதை வாங்கும்போதே கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

அஞ்சல்தலைக்காக இந்தப் படம் எடுக்க ஆள் வந்த அன்று எங்கள் சூப்பர்வைசர், "படத்துல நீங்க யாரும் விழக்கூடாது லா, பின்னால போங்க" என்று குப்பைத்தொட்டிப் பக்கம் விரட்டினார். எல்லோரும் போனார்கள். நான் நகரவில்லை.

"நாங்க அடிச்ச சாயம் வேணும், நாங்க வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

மறுநாளே என்னைத் தூரத்தில் செம்பவாங்கில் நடக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். உன்னிடம் அப்போது சொல்லவில்லை. பயப்படாதே, சம்பளம் அதேதான். முருகவேல்தான் இங்கே இல்லை. சாப்பிடும்போது பேச ஆளில்லை. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. நீ பேசியதைப் பதிவு செய்து போனில் அனுப்பு, நீளமாக.

மன்னிப்புக் கேட்டால் பழைய இடத்துக்கே வரலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருக்கிறார். கேட்கமாட்டேன். நீயும் கேட்கச் சொல்லாதே.

வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது.

உன்
இளம்பரிதி