துரைக்கு மறுத்த சோறு

டப்பா மூடியைத் திறந்தால் மீன் வாடை அடிக்கிறது. கடல் சிப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரையாம், வயதான நாய்களின் மூட்டுக்கு. இந்தக் குளிர் மலையில், நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், காலையிலேயே கருவாட்டுக் கடை திறந்த மாதிரி இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னா லா இது, கடலையே கொண்டாந்து வெச்சிருக்க?" என்றிருப்பீர்கள். உங்கள் துரைக்குத்தான் வாங்கினேன்.

மானேஜரைத் துரை துரை என்று கைகட்டிக் கூப்பிட்டது போதுமென்று, கோலா தெர்லா தோட்டத்திலிருந்து லோரியில் போட்டுக்கொண்டு வந்த குட்டிக்கு அந்தப் பெயரை வைத்தீர்கள். "இனிமே நான் உக்காருன்னா துரை உக்காரணும்" என்று சொல்லி ஊரையே சிரிக்க வைத்தீர்கள். அது ஒரு நாளும் நீங்கள் சொல்லி உட்காரவில்லை. கொழுந்து லோரியை நீங்கள் எடுத்தால் மேடு பள்ளம் பாராமல் பின்னாலேயே ஓடும். அப்படி ஓடிய நாய், இப்போது வாசற்படி ஏற முடியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அது குண்டான கதையை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நீங்கள் போன பிறகு வந்த முதல் அமாவாசைக்கு வாசலில் இலை போட்டு, உங்களுக்குப் பிடித்த கோழிக் கறியும் வைத்துப் படைத்தேன். மூடுபனி. தொண்டை வற்றும்வரை கா கா என்று கூப்பிட்டும் ஒரு காக்கை வரவில்லை. துரைதான் வந்தது, நேரே இலையில் வாய் வைத்தது. நான் கழியைத் தூக்கினேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காத புள்ள. பாத்தியா, கோழிக் கறியத்தான் மொதல்ல தொடுது. அவருதான் வந்திருக்காரு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கழியைப் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கறி அள்ளி வைத்தேன்.

லயம் முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. அதற்குப் பிறகு துரையைச் சும்மா தாண்டிப் போனவர் இல்லை. தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி, வடை, கறி எலும்பு. யார் வீட்டில் விசேஷமென்றாலும் அதற்கு ஒரு பங்கு. "அண்ணே, மகளுக்கு வரன் அமைஞ்சிருச்சு" என்று சொல்லி அதன் வாயில் லட்டு ஊட்டியவரும் உண்டு. நானும் என்ன, குறைத்தா வைத்தேன்? அது தின்னத் தின்ன எனக்கு வயிறு நிறைந்தது. துரை பீப்பாய் மாதிரி ஆகிவிட்டது. அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு காலை, துரையால் எழ முடியவில்லை. முன்னங்காலை ஊன்றுகிறது, பின்னங்கால் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. அது என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்து முடியாமல், "இரு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்" என்றீர்களே, அன்றைக்குப் பார்த்தது. நான் தேத்தண்ணி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் அப்படியே சாய்ந்திருந்தீர்கள்.

துரையைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு, கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கு இறங்கினோம். மிருக டாக்டர் அம்மா சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. அலமாரியில் மிச்சமிருந்த உங்கள் முட்டி வலி மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

"வேணாம்மா, மனுசங்க மாத்திரைய நாய்க்குக் குடுத்துராதீங்க. சிலதுல கலக்குற இனிப்பே அதுக்கு வெசம்" என்றார். பிறகு இந்த மீன் வாடை டப்பாவையும், வலிக்குத் தனியாக ஒரு மருந்தையும் எடுத்து வைத்தார். "இது மந்திரம் இல்லம்மா. சில வாரம் போனாத்தான் தெரியும், தெரியாமலும் போவலாம். மொதல்ல ஒடம்பு எறங்கணும். இப்படியே சாப்பாடு போச்சுன்னா ஒரு நாளு எழும்பவே எழும்பாது. அப்புறம் என்கிட்ட ஊசிதாம்மா இருக்கு."

என்ன ஊசி என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, இனி யாரும் துரைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்றேன். மல்லிகா அக்காவுக்கு வந்ததே கோபம். "புருசன் வயித்துல அடிக்கிறியா? நல்லா இருப்பியா நீ?" என்று கேட்டுவிட்டார். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. பசி தாங்காத மனுஷன் நீங்கள். "பசிச்ச வயித்துக்கு அப்புறந்தான் சாமி" என்பீர்கள். ஒருவேளை அக்கா சொல்வது நிஜமென்றால்? கொடுத்தால் துரை போய்விடும், கொடுக்காவிட்டால் நீங்கள் பட்டினி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது. சோறு இறங்கவில்லை எனக்கு.

போன அமாவாசைக்கு வழக்கம்போல் இலை போட்டேன். துரையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். அன்றைக்கும் பனி, அன்றைக்கும் காக்கை இல்லை. கறி வாடைக்கு உள்ளே அது அழுத அழுகை இருக்கிறதே, பிள்ளை அழுகிற மாதிரி.

"கதவத் தொற புள்ள" என்றார் மல்லிகா அக்கா.

"மாட்டேன்க்கா."

"ஆவி அழுவுது."

இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அக்கம்பக்கம் கேட்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்: "ஏங்க, வந்திருந்தீங்கன்னா இந்த எலையில வந்து சாப்புடுங்க. அவன் வாயில வராதீங்க. அவன் காலு உங்களையும் சேத்துத் தாங்காது."

மல்லிகா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

இலையை எடுத்த பிறகு கதவைத் திறந்தேன். துரை நின்றுகொண்டிருந்தது. தூக்கிவிட ஆளில்லாமல், தானாக எழுந்து நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால் வெடவெடவென்று ஆடியது, ஆனாலும் நின்றது. மாத்திரையா, பட்டினியா, கறி வாடையா, எனக்குத் தெரியாது. மாத்திரையை மட்டும் வாயில் வைத்தேன். அது தின்றுவிட்டு, இன்னும் என்பது போல் என் கையை நக்கியது. நான் கொடுக்கவில்லை.

உங்களைப் பசியோடு அனுப்பிவிட்டேனோ என்ற பயம் இன்னும் போகவில்லை. போகும் என்று தோன்றவும் இல்லை. கோபமிருந்தால் என்மேல் காட்டுங்கள், அதன்மேல் வேண்டாம். அடுத்த அமாவாசைக்கும் உங்களுக்கு இலை போடுவேன். கதவையும் சாத்துவேன்.